டீச்சருக்குத் தெரியாமல் இருபத்தொன்று

ஜூலை 14, திங்கள்

புது டீச்சர் வந்துவிட்டார். மூன்று வருஷத்தில் நாலாவது ஆள். என் புருஷன் எலியேசர் படகிலிருந்து பெட்டியை இறக்கி முடிக்கவில்லை, கரையில் நின்றபடியே முதல் கேள்வி:

"இங்க பாம்பு உண்டா?"

எலியேசர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். என் மகள் நயேலி ஆற்றைப் பார்த்தாள். பள்ளிக்கூடச் சமையல்காரி நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

"முன்னெல்லாம் இருந்துச்சு டீச்சர். இப்ப எங்க? அக்கரையில அன்னாசித் தோட்டம் வந்ததும் எல்லாம் ஓடிப்போச்சு."

கிரேத்தல் என்று பெயர். கார்த்தாகோ பக்கம், குளிர்ந்த மலை ஊர். நாற்பத்தெட்டு வயசு, என்னைவிட ஐந்து மூப்பு. வெள்ளைத் துணி ஷூ போட்டு வந்திருக்கிறார். இந்தச் சேற்றில்!

இவருக்கு முன்னால் இருந்தவர் குளியலறையில் ஒன்றைப் பார்த்துவிட்டு ஜூன் முதல் வாரம் கிளம்பியவர்தான். கொடியில் காய்ந்த சட்டையைக்கூட எடுக்கவில்லை. போன வருஷம் வந்தவர் செப்டம்பர் வரை தாக்குப்பிடித்தார். பாதி வருஷத்தில் இந்தக் கோடிக்கு வேறு யார் வருவார்கள்? ஆறாம் வகுப்பில் இருந்த மூன்று பெண்களும் பரீட்சை எழுதவில்லை. இரண்டு பேர் இப்போது அன்னாசியைப் பெட்டியில் அடுக்குகிறார்கள்.

நயேலி இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. டிசம்பர்ப் பரீட்சை வரை டீச்சர் இருந்தால் அவள் ஆற்றுக்குக் கீழே உயர்நிலைப் பள்ளிக்குப் போவாள். இல்லாவிட்டால்?

இல்லாவிட்டால் என்ற பேச்சே கிடையாது. இந்த டீச்சரை நான் விடமாட்டேன். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

விடிந்ததும் ஐந்தே காலுக்குப் போய்விட்டேன். விறகடுக்கில் ஒன்று, சலவைத் தொட்டிக்குக் கீழே ஒன்று. இரண்டும் வெல்வெட், கடித்தால் ஆளையே முடித்துவிடும் விஷப் பாம்பு. கம்பிக் கொக்கியால் தூக்கி பெயிண்ட் வாளியில் போட்டு மூடி, ஓடைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விட்டேன். ஆறரைக்கு டீச்சர் எழுந்து வந்து, "என்ன மரியேலோஸ், இவ்ளோ சீக்கிரம்?" என்றார். பீன்ஸ் வேக நேரமாகும் என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

டீச்சர் குடியிருக்கும் அறை பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே. வாசலைச் சுற்றி உப்புக் கோடு போட்டிருக்கிறார். ஜன்னலில் பூண்டு. குளிக்கப் போகும்முன் துடைப்பக் கட்டையால் கதவை நாலு தட்டு, தரையை நாலு தட்டு, வாளியை இரண்டு தட்டு. தினமும் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேளக்காரர் குடிவந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் பாடம் சொல்கிறார் பாருங்கள்! பதினாறு பிள்ளைகள், ஆறு வகுப்பு, ஒரே அறை, ஒரே ஆள். பின்னம் புரியவில்லை என்று சின்னவன் ஒருத்தன் அழுதானாம். அடுக்களைக்கு வந்து என்னிடம் எட்டு சோள ரொட்டி வாங்கிப்போய்க் கிழித்துக் கிழித்துக் காட்டினார். கணக்கும் புரிந்தது, ரொட்டியும் காலி. நயேலி வீட்டுக்கு வந்து டீச்சரைப் போலவே கையை ஆட்டிப் பேசுகிறாள்.

இன்று காலை ஒன்று. இதுவரை ஆறு.

எதையும் கொல்வதில்லை. முன்பு கொன்றிருக்கிறேன், யார் இங்கே கொல்லாமல் இருந்தது? வெட்டினால் ரத்தம், ஈ, நாற்றம். டீச்சர் மூக்கு சும்மா இருக்குமா? அதுவுமில்லாமல் ஓடை இருக்கும்வரை பாம்பும் இருக்கும். எத்தனையை வெட்டித் தீர்ப்பது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வில்பெர்த்தைத் துரத்தி அடித்தேன். பள்ளிக்கூடக் குழுவுக்குத் தலைவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், புத்தி மட்டும் வெட்டுக்கத்தியின் முனையில். எட்டு மணிக்கு, பாடம் நடக்கும் நேரத்தில், கத்தியில் ஒரு பாம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்து நிற்கிறார்.

"டீச்சர்கிட்ட காட்டணும். நாங்கல்லாம் இருக்கோம், பயப்படாதீங்கன்னு சொல்லணும்."

"அண்ணே, அறிவிருக்கா உங்களுக்கு? இதைக் காட்டித்தான் பயம் தெளிய வைக்கணுமா?"

"ஏழடி தங்கச்சி! பாரு, ஏழடி!"

பார்த்தேன். கறுப்பி. வெல்வெட்டையே விழுங்குகிற பாம்பு. மனுஷனைச் சீண்டாது. இந்த ஓடையோரத்தில் நமக்காகச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

"அட கூறுகெட்ட மனுஷா, கறுப்பியையா வெட்டினீங்க!"

"வெட்டும்போது நிறம் பாக்கச் சொல்றியா?"

வாழைத் தோப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். டீச்சர் ஜன்னல் வழியாக, "யாரு மரியேலோஸ்?" என்று கேட்டார். "வாழைத்தார் கொண்டு வந்திருக்கார் டீச்சர்!" என்றேன். அந்தப் பொய்க்காக அந்த ஆளிடமிருந்து ஒரு தாரும் வாங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அன்னையர் தினம். பிள்ளைகள் பாடினார்கள். எல்லோரும் போனபின் டீச்சரும் நானும் வெல்லத் தண்ணீர் குடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தோம். அவர் அம்மா போன வருஷம்தான் காலமானாராம். இருபது வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் இவர்தான். "வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தேன். எங்கயாவது தூரமா போடுங்கன்னு எழுதிக் கொடுத்தேன். இவ்ளோ தூரம்னு நினைக்கல" என்று சிரித்தார்.

பாம்பு என்றால் ஏன் இப்படி என்று கேட்டேன். சின்ன வயசில் ஏதாவது நடந்ததா?

"ஒண்ணும் நடக்கல. நான் உயிரோட ஒரு பாம்பைப் பார்த்ததே இல்ல. பார்க்காததால தானோ என்னவோ, எங்க பார்த்தாலும் இருக்கிற மாதிரியே இருக்கு."

பிறகு மெதுவாகச் சொன்னார். மாற்றலுக்கு மனு போட்டுவிட்டாராம். பதில் ஜனவரியில்தான் வரும். "அதுவரை இருப்பேன். இங்க பாம்பு இல்லன்னு நீங்க சொன்ன தைரியத்துலதான் இருக்கேன்."

ஜனவரி போதும். எனக்கு டிசம்பரே போதும்.

செப்டம்பர் 3, புதன்

இன்றோடு பதினேழு. அவ்வளவும் ஒருத்தியாக. கையில் ஒரு கீறல் இல்லை. எலியேசர் கேட்கிறான்: "நீ பாம்பு பிடிக்கறியா, டீச்சரைப் பிடிச்சு வெச்சிருக்கியா?"

"ரெண்டுக்கும் ஒரே கொக்கிதான்" என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எல்லாம் போயிற்று.

சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கு ஊர்வலம். நாளைக்குச் சுதந்திர தினம். பிள்ளைகள் அட்டையில் செய்த விளக்குகளோடு வரிசையாக, டீச்சர் முன்னால், நான் கடைசியில். மழை விட்டிருந்தது. படகுத்துறைப் பாதையில் பாதி தூரம். முதல் வகுப்பு ஆக்செல், அவனுக்கு வயசு ஏழு, டீச்சர் பாவாடையைப் பிடித்து இழுத்து, பால் வேண்டும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னான்:

"நில்லுங்க டீச்சர். வெல்வெட்."

நாலடி முன்னால். சுருண்டு கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் அந்த முக்கோணக் கோலம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

பிள்ளைகள் யாரும் கத்தவில்லை. நின்றார்கள். அவர்களுக்குத் தெரியும். வில்பெர்த்தின் சின்ன மகள்தான், மகராசி, விளக்கம் சொன்னாள்: "மரியேலோஸ் அக்கா காலைல வாளியில எடுத்துட்டுப் போனாங்கள்ல, அதோட தங்கச்சியா இருக்கும்."

"அது இருபதாவது" என்றான் இன்னொருத்தன். "இல்ல, இருபத்தொண்ணு" என்றாள் என் மகள். என் மகள்!

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அலறவில்லை. அலறியிருக்கலாம். பாம்பு தானாகவே புல்லுக்குள் போயிற்று. டீச்சர் பிள்ளைகளைத் திருப்பி, எண்ணி, பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டையால் தட்டுகிற சத்தம் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கொடி ஏற்றி, பாட்டு முடிந்து, எல்லோரும் போனபின் அடுக்களைக்கு வந்தார்.

"எத்தனை?"

"இருபத்தொண்ணு. நேத்து ராத்திரியோடது சேர்க்காம."

"ரெண்டு மாசமா பிள்ளைங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் உப்பு போட்டதையும் பூண்டு கட்டினதையும் பார்த்து எல்லாரும் சிரிச்சிருக்கீங்க."

"சிரிக்கல டீச்சர்—"

"நீங்க சிரிச்சீங்க மரியேலோஸ். உங்களை எனக்குத் தெரியும்."

புதன்கிழமைப் படகில் போகிறாராம்.

நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? அவங்க கால்ல ஒண்ணு படாம பார்த்துக்கிட்டேன். தினம் விடியறதுக்குள்ள போய், தனியா, இந்தக் கையால. நன்றி வேண்டாம். இருந்தா போதும்னுதானே. நயேலி அடுப்படியில உட்கார்ந்திருக்கா. "நான் வாயை மூடியிருக்கணும்மா"ங்கறா. நான் என்ன சொல்ல? பொய் சொல்லத் தெரியலயேன்னு பிள்ளையைத் திட்டவா?

படகு நம்முடையதுதானே. மோட்டார் ரிப்பேர் என்று ஒரு வாரம் இழுக்கச் சொன்னேன் எலியேசரை. அவன் வலையை மடித்துக்கொண்டே, "இது இருபத்திரண்டாவது பொய்யா?" என்றான்.

செப்டம்பர் 17, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஏழு மணிக்குப் பெட்டியோடு டீச்சர் துறையில். நான் போனேன். "பொய் சொல்லிட்டேன் டீச்சர்" என்றேன். "மகளுக்காகச் சொன்னேன். நீங்க போயிடுவீங்கன்னு பயந்துட்டேன். பாம்புக்குப் பயப்படல, உங்களுக்குத்தான் பயந்தேன்."

அவர் ஆற்றைப் பார்த்தபடி, "எங்கெங்க பிடிச்சீங்க?" என்றார்.

"எழுதி வெச்சிருக்கேன்."

"எழுதியா?"

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்து வருகிறேன். தேதி, இடம், எவ்வளவு நீளம். ஓடிப்போய் எடுத்து வந்து அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தேன். பெட்டி மேல் உட்கார்ந்து படித்தார். பென்சில் எடுத்தார். கோடு போட்டார். எலியேசர் மோட்டாரை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். அரை மணி. படகில் இருந்த ஒரு கோழிக்காரம்மா முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மரியேலோஸ், இருபத்தொண்ணுல பதினாலு விறகடுக்குல."

"ஆமா டீச்சர். அங்கதான் எப்பவும் இருக்கும்."

"விறகடுக்கு எங்க இருக்கு?"

"அடுக்களைச் சுவரோட ஒட்டி. அரிசி மூட்டைக்கு அந்தப்பக்கம்."

"அரிசி மூட்டைக்கு எலி வருமா?"

"வராம?"

"அப்ப விறகை ஏன் அங்க வெச்சிருக்கீங்க?"

நான் வேலைக்கு வந்தபோது அங்கே இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவளும் அங்கேதான் வைத்தாள். மூன்று வருஷம் வீரமாக அதிலிருந்து பாம்பு எடுத்தேன். ஒரு நாளாவது விறகை நகர்த்தினேனா?

அந்தத் துறையில் நின்று எனக்கு வந்த வெட்கத்தை இங்கே எழுத முடியாது. சிரிப்பும் வந்தது. டீச்சருக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல நீங்க போகும்போது என்னைக் கூப்பிடுங்க. இருபது அடி தள்ளி நிப்பேன். ரெண்டு வாரம் பார்க்கறேன். ஒரு பொய் சொன்னீங்க, அன்னிக்கே போயிடுவேன்."

எலியேசர் பெட்டியை மறுபடி தோளில் தூக்கினான். கோழிக்காரம்மா திட்டிய திட்டு அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

செப்டம்பர் 18, வியாழன்

வந்தார். என் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்தேன். விறகடுக்கில் மூன்றரை அடி ஒன்று. கொக்கியில் தூக்கினேன். டீச்சர் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு செம்பருத்திச் செடிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வாய் கொப்பளித்தார். ஏழு மணிக்கு மணி அடித்தார்.

செப்டம்பர் 20, சனி

ஊரே வந்தது. விறகை அடுக்களைச் சுவரிலிருந்து முழுக்க எடுத்து, முற்றத்துக்கு அந்தப்பக்கம் முழங்கால் உயரக் கட்டையில் அடுக்கினோம். அரிசிக்கும் பீன்ஸுக்கும் மூடி போட்ட இரும்பு டிரம். சுவரைச் சுற்றிப் பத்தடிக்குப் புல் வெட்டு. பிள்ளைகள் இனி பூட்ஸ் இல்லாமல் வாசல் மிதிக்கக் கூடாது.

வில்பெர்த் நாள் முழுக்க முணுமுணுத்தார். "நாலு லிட்டர் டீசல் ஊத்தி ஓடையோரத்தைக் கொளுத்தினா ஒரே நாள்ல முடிஞ்சுது. இதுக்கு விறகு சுமக்கறோம்."

டீச்சர் ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டே கேட்டார்: "கொளுத்தினா அதெல்லாம் எங்க ஓடும் வில்பெர்த்?"

அவர் யோசித்தார். ஓடைக்கு அடுத்த வீடு அவருடையதுதான். அதற்கப்புறம் டீசல் பேச்சு இல்லை.

பழைய அடுக்கின் அடியில் இரண்டு இருந்தன. வில்பெர்த் கத்தியை உருவினார். டீச்சர் பார்த்த பார்வையில் உறையில் போட்டார். அந்தப் பார்வையை நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்று வாரத்தில் இரண்டே இரண்டு. கொக்கி துருப்பிடித்துவிடும் போலிருக்கிறது. டீச்சர் வகுப்பறைச் சுவரில் பள்ளிக்கூடத்தைப் பெரிதாக வரைந்து ஒட்டியிருக்கிறார். பாம்பை எங்கே பார்த்தாலும் பிள்ளைகள் ஓடிவந்து ஒரு சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு அதில் கூட்டல் போடுகிறது. ரெண்டு வாரம் முடிந்து ஒரு வாரமும் ஆயிற்று. போகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. மெதுவாக எழுதுவேன்.

அக்டோபர் 22, புதன், ஒன்பதரை மணி. பின்படியில் கிடந்த ஈரத் தரைத்துணியை எடுத்தேன். அவ்வளவுதான். கொக்கி இல்லை, வாளி இல்லை, வீரம் ஒன்றும் இல்லை. மடிப்பில் ஒன்று இருந்தது, ஒரு சாண்தான். அக்டோபர் அதுகள் குட்டி போடும் காலம் என்று எனக்குத் தெரியாதா? ஆள்காட்டி விரலில் பட்டது. நெருப்பு.

"டீச்சர்" என்றேன். கத்தவில்லை என்று நினைக்கிறேன். நயேலி கத்தினேன் என்கிறாள்.

டீச்சர் ஓடிவந்தார். முகம் சுண்ணாம்பு. ஆனால் என்னை உட்காரவைத்து, சோப்பைக் குழைத்து, மோதிரத்தைத் திருகித் திருகி உருவினார். அம்மா போட்ட மோதிரம், இருபது வருஷமாகக் கழற்றியதில்லை. விரல் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது. மோதிரம் இருந்திருந்தால் விரலையே எடுத்திருப்போம் என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

சத்தம் கேட்டு வில்பெர்த் வந்தார். இடுப்பு பெல்ட்டை உருவி என் கையைக் கட்டப் போனார், மறு கையில் கத்தி. "கீறி ரத்தத்தை எடுக்கணும்!"

"கத்தியைக் கீழ போடுங்க!" டீச்சர் போட்ட சத்தத்தில் கொல்லைக் கோழிகள் பறந்தன. "பெல்ட்டை மாட்டுங்க. பிள்ளைங்களைப் பார்த்துக்கங்க. பின்படிப் பக்கம் ஒருத்தரையும் விடாதீங்க."

படகில் ஒன்றேகால் மணி நேரம். நான் கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கால் மணிக்கு ஒருதரம் டீச்சர் வீக்கம் எங்கே இருக்கிறது என்று பேனாவால் என் கையில் கோடு போட்டு நேரம் எழுதினார். மணிக்கட்டு. முன்கை. முழங்கை. வழியெல்லாம் திட்டு. "துணியைக் கொக்கியால எடுக்கத் தெரியாதா? இருபத்தேழு பாம்பு பிடிச்ச ஆளுக்கு இது தெரியாதா?" அழுதுகொண்டே திட்டினார். எலியேசர் முழு வேகத்தில் ஓட்டினான். அவன் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை.

மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றினார்கள். டீச்சர் போட்ட கோடுகளைப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று மருத்துவர் கேட்டார். "பாம்புன்னாலே பயந்து சாகிற எங்க டீச்சர்" என்றேனாம். எனக்கு நினைவில்லை.

பன்னிரண்டு நாள். நேற்றுத்தான் வீடு வந்தேன். கை இருக்கிறது. விரல் மடங்காதாம். சரி, நீட்டிக் காட்டத்தானே விரல்.

டீச்சர் என்னோடு வந்துவிட்ட அன்று பள்ளிக்கூடத்தை வில்பெர்த்தே நடத்தினாராம். சாயங்காலம் வரை பிள்ளைகளுக்குக் கத்தி தீட்டுவது எப்படி என்று பாடம்.

நவம்பர் 10, திங்கள்

வேலைக்குப் போனேன். எல்லோரும் கை தட்டினார்கள். வெங்காயக் கூடைக்குள் கை விட வேண்டும்.

விட முடியவில்லை.

கூடைக்குள்ள வெங்காயம்தான். எனக்குத் தெரியும், இப்பத்தான் நானே கொட்டினது. கை போகல. நின்னேன். எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. பயமா? எனக்கா? இந்த ஊர்ல எல்லாரும் யாரைக் கூப்பிடுவாங்க? கூடையைக் காலால் தள்ளிக் கவிழ்த்து உருண்டதைப் பொறுக்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பார்த்திருக்கிறார்.

காலையில் அடுக்களைக் கதவில் ஒரு துடைப்பக் கட்டை சாய்த்து வைத்திருந்தது. டீச்சர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நாலு தட்டு தட்டுங்க. அப்புறம் பாருங்க. அப்புறம் கையை விடுங்க. நான் நாலு மாசமா இப்படித்தான் குளிக்கறேன், செத்தா போயிட்டேன்?"

"அது வேற டீச்சர். எனக்கு முன்னாடி இல்லாத பயம் இது."

"முன்னாடி உங்களுக்கு இருந்திருக்கணும். லேட்டா வந்திருக்கு, அவ்வளவுதான்."

தட்டினேன். பார்த்தேன். எடுத்தேன். வெங்காயம்தான்.

நவம்பர் 27, வியாழன்

இந்த வாரம் முழுக்க இரண்டு மேளம். அங்கே அவர், இங்கே நான். எலியேசர் படகில் வருகிறவர்களிடம் பள்ளிக்கூடத்தில் கச்சேரி ஒத்திகை என்று சொல்கிறானாம். சொல்லட்டும். விறகு, துணி, கூடை, பூட்ஸ், எல்லாவற்றையும் தட்டி எடுக்கிறேன். நேற்று ஒரு சின்னது பூட்ஸிலிருந்து விழுந்தது. கொக்கியால் எடுத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்ளட்டும், கை நின்ற இடத்தில் நின்றது. முன்பைவிட நன்றாகவே எடுத்தேன் என்று தோன்றுகிறது. பார்த்து எடுத்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

நயேலி தேறிவிட்டாள்! எண்பத்தொன்பது!

வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. டீச்சர் சான்றிதழ் கொடுத்தபோது என் மடங்காத விரலைப் பிடித்துக்கொண்டு எலியேசர் அழுதான், எல்லோருக்கும் முன்னால். சோறும் கோழியும் அறுபது பேருக்கு ஆக்கினேன். வில்பெர்த் தலைவர் என்ற முறையில் பேச எழுந்து, டீச்சர் வந்ததிலிருந்து தான் ஒரு பாம்பைக்கூட வெட்டவில்லை என்று தியாகம் மாதிரிச் சொன்னார். "ரெண்டு!" என்றாள் அவர் மகள்.

டிசம்பர் 16, செவ்வாய்

டீச்சர் விடுமுறைக்கு ஊருக்குப் போனார். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு. அணைத்துக்கொண்டோம். மாற்றலைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால், இருங்கள் என்று சொல்ல வாய் துடிக்கும். ஒருதரம் ஏமாற்றி இருக்கவைத்தேன். இனி அவர் காலில் அவர் நடக்கட்டும்.

ஜனவரி 28, புதன்

எலியேசர் செய்தி கொண்டுவந்தான். டீச்சருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். கார்த்தாகோவிலேயே, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பெரிய பள்ளிக்கூடம், ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர். நல்லதுதான். இருபது வருஷம் அடுத்தவருக்காக உழைத்தவர். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சலவைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். தேவையே இல்லாமல் இரண்டு தரம்.

பிப்ரவரி 23, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்து மணிக்கு நயேலி அவள் அப்பாவோடு படகில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை, அதுவும் நல்லதுதான்.

முதல் வகுப்புக்கு ஐந்து புதுப் பிள்ளைகள். இரண்டு பேர் அம்மாவைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. அரிசியை டிரம்மிலிருந்து அளந்துகொண்டிருந்தேன். முற்றத்தில் அழுகை சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன்.

பெரிசு. ஐந்தடி இருக்கும். கொடிக்கம்பத்துக்கும் வாசலுக்கும் நடுவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. புதுப் பிள்ளைகள் ஐந்து பேரும் படியில் வரிசையாக. அவர்களுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு, முழங்கால் வரை சொந்த பூட்ஸ், கிரேத்தல் டீச்சர். வந்த மாற்றலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைப் படகில் திரும்பி வந்தவர்.

ஒரு கால் வாசலைத் தாண்டிவிட்டேன்.

"வராதீங்க மரியேலோஸ்" என்றார், திரும்பாமலே. "அது போயிட்டிருக்கு. நாங்க எண்ணிட்டிருக்கோம். சொல்லுங்க பிள்ளைங்களா, பதினொண்ணு—"

"பன்னெண்டு" என்றார்கள் பிள்ளைகள். "பதிமூணு."

குரல் கொஞ்சம் நடுங்கியது. டீச்சருடையதுதான். பிள்ளைகளுடையது இல்லை.

இருபத்தாறில் ஓடைக்குள் இறங்கிவிட்டது. நான் காலை உள்ளே எடுத்துக்கொண்டேன். அரிசி களைய வேண்டும், இன்று இருபது பேர்.